அரை டிக்கெட்டும் ஆகாய அரக்கனும்

மக்கள் மகிழ்வதற்கென்றே ஒரு நிறுவனம் தோன்றுமானால், அங்கே முதலில் எழும்புவது கட்டணம் வாங்கும் அறைதான். குதூகலபுரி இந்த மரபை ஒரு படி மேலே கொண்டுசென்றிருந்தது. அங்கே கட்டணம் வாங்கும் அறைக்குள் நுழைவதற்கும் கட்டணம் இருந்தது. உடுமலைப்பேட்டை போகும் சாலையில் ஒரு பெரிய தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்து, அந்த இடத்தில் சிமென்டால் தென்னைமரங்கள் செய்து நட்டு எழுப்பப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. அந்த மரங்களில் தேங்காய்கள் இரவில் விளக்குகளாக எரியும் என்று விளம்பரம் சொன்னது.

விளம்பரங்களை நம்பும் வழக்கம் கலீல் ரஹ்மானுக்குக் கிடையாது. அவர் காந்திபுரத்தில் ரவிக்கைத் துணியும் லைனிங் துணியும் விற்பவர். விலை சொல்வது, விலை கேட்பது, கேட்ட விலை காதில் விழாதது போல் இருப்பது ஆகிய மூன்று கலைகளிலும் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அந்தக் குறுக்குத்தெருவே ஒப்புக்கொள்ளும். ஆகையால் மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு குதூகலபுரி போவது என்று முடிவானபோது, இந்தப் பயணத்துக்கு ஒரு பட்ஜெட் போட்டுவிட்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி என்று அவர் கருதினார்.

முடிவு அவருடையதன்று, மகள் ரம்ஷாவுடையது. சென்ற ஆண்டு பள்ளிச் சுற்றுலாவில் அவளுடைய வகுப்பே ஆகாய அரக்கன் என்ற ராட்சத ரோலர் கோஸ்டர் வண்டியில் ஏறி அலறிக்கொண்டிருந்தபோது, உயரம் போதாதென்று அவள் ஒருத்தி மட்டும் திருப்பி அனுப்பப்பட்டாள். அன்றிலிருந்து ஓராண்டுக் காலம் அவள் செய்தது ஒரே ஒரு காரியம்தான்: வளர்ந்தாள். கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினாள். முருங்கைக்கீரையை முகம் சுளிக்காமல் தின்றாள். தூங்கும்போதுகூடக் காலை மடக்காமல் தூங்கினாள். இந்த மே மாதத்தில் அரக்கனில் ஏறாவிட்டால், ஜூன் மாதம் ஏழாம் வகுப்புக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்பது அவளுடைய கேள்வி. கலீல் ரஹ்மான் வாக்குக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பாடும் முடிந்து, கோட்டைமேட்டு வீட்டின் கூடத்தில் பட்ஜெட் கூட்டம் கூடியது. நிதியமைச்சர் கலீல் ரஹ்மான். எதிர்க்கட்சி அவர் மனைவி பக்ருன்னிசா. பொதுமக்கள் ரம்ஷா.

"பத்தாயிரத்துக்குள்ள முடிச்சுப்போடலாம் பக்ரு. நுழைவு, பெட்ரோல், தீனி. அப்புறம் இதரச் செலவுன்னு ஒரு ஐநூறு."

"இதரச் செலவுன்னா என்னங்க?"

"என்னன்னு தெரியாத செலவு."

"என்னன்னே தெரியாத செலவு, ஐநூறுன்னு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்கு உலகில் எந்த நிதியமைச்சரும் இதுவரை விடை சொன்னதில்லை. கலீல் ரஹ்மானும் மரபை மீறவில்லை. அடுத்த இனத்துக்குப் போனார்.

"ரம்ஷாவுக்கு அரை டிக்கெட். நூத்தி நாப்பது சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா அரைதான்னு போட்டிருக்கான்."

"அத்தா, நூத்தி நாப்பதுக்குக் கீழ இருந்தா அரக்கன்ல ஏத்தமாட்டாங்க!"

"அது உள்ள போனதுக்கப்புறம் கண்ணு. வாசல்ல சித்தே குட்டையா இருந்துக்கோ. உள்ள போய் உயரமாயிக்கலாம்."

சர்ச்சையைத் தீர்க்க அளவுநாடா வந்தது. இங்கே ஒரு வழக்கத்தை விளக்கியாக வேண்டும். துணியளக்கும்போது நாடாவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அந்த விரலின் அகலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது கலீல் ரஹ்மானின் கடை முறை. வாங்குபவருக்கு அது கூடுதல் துணி. கடைக்கு அது நல்ல பெயர். இருபது வருடமாக அப்படியே பழகிப்போன அந்தக் கை, மகளை அளக்கும்போதும் மாறவில்லை. குதிகாலில் ஒரு கட்டைவிரலும் உச்சந்தலையில் ஒரு கட்டைவிரலும் கணக்கில் வராமல் போக, ரம்ஷா நூற்று முப்பத்தெட்டில் நின்றாள்.

"ரவிக்கைத் துணி வாங்க வந்த அம்மணிக்கு அளக்கற மாதிரி அளந்துபோட்டீங்க! என்ற உயரத்துல கொசுறு குடுத்துட்டீங்கத்தா!" என்று அவள் கத்தினாள்.

அவர் நூற்று முப்பத்தெட்டு என்றே எழுதினார். பக்கத்திலேயே, அரக்கனில் கட்டாயம் ஏற்றுவது என்றும் எழுதினார். இரண்டுக்கும் இடையிலான முரண் அவர் கண்ணில் படவில்லை. முரண்கள் அக்கம்பக்கத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும் ஒரே இலக்கிய வடிவம் பட்ஜெட்தான்.

வண்டி நிறுத்தக் கட்டணத்தை அவர் எதிர்பார்த்திருந்தார். நிறுத்திய வண்டியின் மேல் நிழல் விழுந்தால் நிழற்கட்டணம் உண்டு என்பதை எதிர்பார்க்கவில்லை. சாமர்த்தியமாக வெயிலில் நிறுத்தினார். வெயிலில் நின்ற வண்டியை மாலையில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது கட்டாயச் சேவை என்று சீட்டுக் கிழித்தார்கள். இதரச் செலவு என்ற இனம், குதூகலபுரியின் எல்லைக்குள் குடும்பத்தின் காலடி படுமுன்பே காலமானது.

வாசலில் காவலர் பக்ருன்னிசாவின் பாத்திரத்தை மோப்பம் பிடித்தார். உள்ளே மட்டன் பிரியாணி.

"வெளிச் சோறு உள்ள வராதுங்கக்கா. உணவுக் காப்பகத்துல வெச்சுட்டுப் போங்க. மணிக்கு இவ்வளவுன்னு வாடகை."

"எங்கூட்டுச் சோத்துக்கு நானே வாடகை குடுக்கோணுங்களா?"

"சோத்துக்கு இல்லீங்கக்கா. அதுல வாசம் இருக்குதில்லீங்க? அது ரொம்ப இடத்தை அடைக்குது."

பக்ருன்னிசா சற்று யோசித்தாள். "வயித்துக்குள்ள இருந்தா?"

காவலர் விதிகள் அச்சிட்ட அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். "வயித்தைப் பத்தி ஒண்ணும் போடலீங்களே."

எனவே காலை பத்து மணிக்கு, குதூகலபுரியின் நுழைவாயிலில், போவோர் வருவோர் பார்க்க ஒரு குடும்பம் பிரியாணி உண்டது. காவலருக்கும் ஒரு தட்டு கொடுக்கப்பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உண்டார். அந்தப் பூங்காவில் அதுவரை கட்டணமில்லாமல் நிகழ்ந்த ஒரே குதூகலம் அதுதான்.

டிக்கெட் சாளரத்தில் ஹாரிகா என்ற இளம்பெண் அமர்ந்திருந்தாள். சிரிப்பு அவளுடைய சீருடையின் பகுதி. அவள் மூச்சு வாங்கும்போதும் அதைக் கழற்றவில்லை.

"பாப்பா இந்தப் படி மேல ஏறி நில்லுங்க பாக்கலாம்."

உயரம் பார்க்கும் கம்பத்தின் அடியில் ஒரு கருங்கல் படி இருந்தது. கலீல் ரஹ்மான் குனிந்து மகளின் காதில், "சித்தே தோளைத் தளத்தி நில்லு கண்ணு. கொஞ்சம் களைப்பா இருக்கற மாதிரி," என்றார். ரம்ஷா படியில் ஏறினாள். ஓராண்டு முருங்கைக்கீரையும் ஒருசேர நிமிர்ந்தாற்போல, சுதந்திர தினக் கொடிக்கம்பமாக நின்றாள்.

"முழு டிக்கெட்டுங்க! வாழ்த்துக்கள்!" என்று ஹாரிகா ஒரு மணியை அடித்தாள். நாலைந்து பணியாளர்கள் எங்கிருந்தோ ஓடிவந்து கைதட்டினார்கள். குழந்தை வளர்ந்ததைக் கொண்டாடுவது அங்கே மரபு. கைதட்டல் தனிக்கணக்கு.

"அத்தா, நான் முழுசு!" என்று ரம்ஷா குதித்தாள். மகள் வளர்ந்ததற்காக ஒரு தகப்பன் முகத்தில் தோன்றவேண்டிய பெருமையும், பட்ஜெட்டில் ஒரு வரி சரிந்ததற்காக ஒரு நிதியமைச்சர் முகத்தில் தோன்றவேண்டிய துயரமும் ஒரே முகத்தில் இடம் தேடி நெருக்கியடித்தன.

உள்ளே ரூபாய் செல்லாது என்று ஹாரிகா தெரிவித்தாள். குடும்பத் தலைவரின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை கட்டி, அதில் ரூபாயைக் குதூகலமாக மாற்றி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு ரூபாய்க்கு முக்கால் குதூகலம்.

"மிச்சமான குதூகலத்தைத் திருப்பிக் குடுப்பீங்களாங்க?" என்று கலீல் ரஹ்மான் கேட்டார்.

"குதூகலத்தை யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களாங்க சார்? அனுபவிச்சுப்போட்டுத்தான் போகோணும்."

"சரிங்க. வேற என்னென்ன மறைமுகக் கட்டணம் இருக்குதுன்னு இப்பவே சொல்லிப்போட்டா நல்லதுங்க."

"நாங்க எதையுமே மறைக்கறதில்லீங்க சார். அதோ, போர்டே வெச்சிருக்கோம்."

அவள் காட்டிய திசையில் ஒரு பெரிய பலகை நின்றது. அதன் தலையில் 'மறைமுகக் கட்டணங்கள்' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. மற்றதையெல்லாம் ஒரு பட்டுத்திரை மூடியிருந்தது. திரையை விலக்குவதற்கு என்ன கட்டணம் என்று அவர் கேட்டார். அது திரைக்குப் பின்னால் எழுதியிருப்பதாக ஹாரிகா சொன்னாள்.

உள்ளே போன பிறகு பட்டை பேசத் தொடங்கியது. பெஞ்சில் உட்கார்ந்தால் 'கிணிங்'. எழுந்தால் 'கிணிங்'. வரிசைகள் இரண்டு வகைப்பட்டிருந்தன: சாதாரண வரிசை, விரைவு வரிசை. சாதாரண வரிசை நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் சம்பளத்துக்கு நியமிக்கப்பட்டிருந்தார். மிகுந்த பொறுப்புணர்வோடு பணியாற்றினார். ராட்டினத்தின் அருகே நின்று பக்ருன்னிசா ஒரு கொட்டாவி விட்டாள். 'கிணிங்'. விசாரித்ததில், பூங்காவின் மகிழ்ச்சிச் சூழலுக்கு ஊறு விளைவித்தமைக்கான ஈடு என்று தெரிந்தது.

"சுண்டைக்கா காப்பணம், சுமைகூலி முக்காப்பணம்," என்றாள் பக்ருன்னிசா.

'கிணிங்'.

"இதுக்கு எதுக்குங்க?"

"பேசாத பக்ரு. பழமொழிக்கும் இருக்கும்போல."

ஆனால் ரம்ஷாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மரங்களுக்கு மேலே, சிவப்புத் தண்டவாளம் ஒன்று வானத்தில் ஏறி, ஒரு கணம் தயங்கி, தலைகுப்புற விழுந்து, வளைந்து, மறுபடி ஏறியது. அவள் அதை நோக்கி நடக்கவில்லை, ஓடினாள்.

ஆகாய அரக்கனின் வாயிலில் அரக்கனுடைய மரச்சிலை ஒன்று கையை நீட்டிக்கொண்டு நின்றது. கையில் தலை முட்டினால் ஏறலாம். முட்டாவிட்டால் திரும்பிப் போகலாம். பொறுப்பாளர் லட்சுமணசாமி, மீசையும் விசிலுமாக, ரம்ஷாவைக் கையின் கீழே நிறுத்தினார். தலைக்கும் கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"குட்டைங்க. அக்கட்டால போய் வாத்துப் படகுல ஏறிக்கங்க பாப்பா."

அரை மணி நேரத்துக்கு முன்பு மகள் குட்டை என்று வாதாடத் தயாராக வந்த கலீல் ரஹ்மான், இப்போது தன் குலப்பெருமையே பறிபோனதுபோல் வெகுண்டார். "ஏனுங்க, டிக்கெட் வாங்கறப்ப என்ற புள்ள உயரம், அதுக்குள்ள எப்படிங்க குட்டையாயிட்டா?"

"டிக்கெட் உயரம் வேறங்க பாய், ரைடு உயரம் வேற. அது வசூல் பிரிவு. இது பாதுகாப்புப் பிரிவு."

"அங்க படி மேல நிக்க வெச்சாங்க. இங்க நீங்க குழிக்குள்ள நிக்க வெச்சிருக்கறீங்க!"

அது உண்மை. சிலையின் அடியில், பிள்ளைகள் நிற்கும் இடத்தில், உள்ளங்கை ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது.

"குழின்னு சொல்லாதீங்க பாய். அது ஆர்வமுங்க," என்றார் லட்சுமணசாமி, குரல் நெகிழ. "மூணு வருசமா புள்ளைங்க எம்பி எம்பி நின்ன இடமுங்க. தேஞ்சுபோச்சு. வருசாவருசம் நாங்க திருப்பியனுப்பற புள்ளைங்க எண்ணிக்கை கூடிட்டே போகுதுங்க. பாதுகாப்பு முன்னேறிட்டே இருக்குதுன்னு எங்களுக்கு விருதே குடுத்திருக்காங்க."

"பள்ளத்தை மூடக் கூடாதுங்களா?"

"பள்ளம் கட்டுமானப் பிரிவுங்க. எனக்கு உயரம் மட்டுந்தானுங்க."

கலீல் ரஹ்மான் சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கட்டைவிரலை விலக்கிப் பிடித்து, கொசுறில்லாமல் அளந்தார். நூற்று நாற்பத்திரண்டு. பட்டை 'கிணிங்' என்றது. அயல் அளவுக்கருவியைப் பயன்படுத்தியமைக்கு. லட்சுமணசாமி நாடாவை மரியாதையோடு பார்த்துவிட்டு, "அளவு சரியாத்தான் இருக்குதுங்க. ஆனா இங்க செல்லாதுங்களே," என்றார்.

ரம்ஷா அழவில்லை. பள்ளத்தை விட்டு வெளியே வரவுமில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அதிலேயே நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. விரைவு வரிசைக்காரர்கள், தாங்கள் காசு கொடுத்தது விரைவாக நிற்பதற்கல்ல என்று கூச்சலிட்டார்கள். லட்சுமணசாமி விசிலை ஊதினார். ஒரு மின்வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் கிருபாசங்கர், பூங்காவின் தலைமை மகிழ்ச்சி அலுவலர்.

அவர் கைகளைக் குவித்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டார். "பாய், முதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. மகிழ்ச்சிங்கறது ஒவ்வொரு குடும்பத்தோட பிறப்புரிமைங்க. அதை நாங்க விக்கறதே இல்லீங்க. அதுக்குக் குறுக்க நின்னுட்டிருக்கோம், அவ்வளவுதான். சித்தே விலகறதுக்குத்தானுங்க கட்டணம். இதுல ஒளிவுமறைவே கிடையாது. எங்க நிறுவனத்துல நாங்க மொதல்ல கட்டினது என்ன தெரியுங்களா? சுத்துச்சுவருங்க. உள்ள ஒண்ணுமே இல்லாதப்பவே சுவரைப் பாத்துட்டு ஜனங்க வரிசையில நின்னாங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்க, உள்ள வெக்கறது சும்மா ஒரு மரியாதைக்குத்தான்னு."

லட்சுமணசாமி கைதட்டினார். 'கிணிங்', கலீல் ரஹ்மானின் பட்டையில்.

"இப்ப உங்க விசயத்துக்கு வாரேனுங்க," என்று கிருபாசங்கர் தொடர்ந்தார். "ஒரே பாப்பாவை ஒரு பிரிவு உயரம்னுது; இன்னொரு பிரிவு குட்டைன்னுது. ரெண்டுமே எங்க பிரிவு. ரெண்டுமே தப்புப் பண்ணாது. அதனால முடிவை உங்களுக்கே விட்டுடறோமுங்க. பாப்பா குட்டைன்னு நீங்க ஒத்துக்கிட்டா, அரை டிக்கெட் காசைத் திருப்பிக் கையில குடுத்துடறோம். உயரம்னா, அரக்கன்ல ஏத்திடறோம். ஆனா உயரத்துக்கு உண்டானதைக் கட்டோணும். பெத்தவங்க முடிவுல நாங்க தலையிடறதில்லீங்க."

கலீல் ரஹ்மான் யோசித்தார். பட்ஜெட்டின் எலும்புகள்தான் மிஞ்சியிருந்தன. அரை டிக்கெட் திரும்பி வந்தால் அவற்றுக்கு மேல் கொஞ்சம் சதை போர்த்தி, இழுத்துப் பிடித்து வீடு சேர்ந்துவிடலாம். வராவிட்டால் பட்டை காலியாகிவிடும்.

'கிணிங்'.

"ஏனுங்க, ரோசனை பண்றதுக்கும் புடிக்கறான்," என்றாள் பக்ருன்னிசா. "சட்டுனு சொல்லிப்போடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். ரம்ஷா பள்ளத்தில் நின்றபடி அண்ணாந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. கடைக்கு வருபவர்களில் ஒருசிலர் துணியைத் தொட்டுவிட்டு, விலை கேட்காமலே, இது எனக்கு என்று மனத்துக்குள் முடிவுகட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அப்படிப் பார்ப்பவர்களிடம் அவர் எந்நாளும் வேறு துணி எடுத்துக் காட்டியதில்லை.

"என்ற புள்ள உயரமுங்க," என்றார்.

உயரத்துக்கு உண்டானவை வரத் தொடங்கின. உயர ஒப்புதல் கட்டணம். பள்ளத்தை நிரவி அதன் மேல் போடும் பலகைக்கு வாடகை. பலகை தரைமட்டத்துக்கு வந்ததும் ரம்ஷாவின் தலை அரக்கனின் உள்ளங்கையில் 'டொக்' என்று முட்டியது. பூங்காவில் அன்று கேட்ட ஒலிகளில் பணம் பிடிக்காத ஒலி இது என்று கலீல் ரஹ்மான் நினைத்து முடிப்பதற்குள் லட்சுமணசாமி சொன்னார்: "பாப்பாகூடப் பெரியவங்க ஒருத்தர் ஏறோணுங்க. துணைக் கட்டணம் தனி."

பக்ருன்னிசா உடனே கணவரின் செருப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடை மாடத்திலிருந்து துணிக்கட்டு எடுக்க ஏணியில் நாலு படி ஏறினாலே பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடிக்கொள்பவர் கலீல் ரஹ்மான். அவரை முன்வரிசையில் உட்கார்த்தி, இரும்புக் கம்பியை மடிமேல் இறக்கிப் பூட்டினார்கள். பட்டை கடைசியாக ஒருமுறை 'கிணிங்' என்றது. அதன் சின்னத் திரையில் ஒரு பூஜ்யம் தோன்றியது.

வண்டி ஏறியது. சங்கிலி கடகடத்தது. சிமென்டுத் தென்னைகள் கீழே போயின. பிறகு உண்மையான தென்னைகள் கீழே போயின. வெயிலில் வெந்துகொண்டிருந்த அவருடைய கார் ஒரு தீப்பெட்டியாயிற்று. எங்கோ தெற்கே அமராவதி அணையின் தண்ணீர் ஒரு கோடாக மின்னியது. அவர் எதையும் பார்க்கவில்லை. தெரிந்த துஆக்களை எல்லாம் ஓதி முடித்து, முதலிலிருந்து தொடங்கியிருந்தார். உச்சியை அடைந்து, முன்சக்கரங்கள் பள்ளத்தை எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில், வண்டி நின்றது.

இருக்கையின் முன்னால் ஒரு ஒலிவாங்கி இருந்தது. அலறல்களைப் பதிவு செய்து, வெளியேறும்போது உரியவருக்கே விற்பதற்கான ஏற்பாடு. அதன் பக்கத்திலிருந்த ஒலிபெருக்கியில் கிருபாசங்கரின் குரல் கனிவோடு வந்தது.

"பாய், சௌகரியமா இருக்கறீங்களா? ஒரு சின்ன விசயமுங்க. நீங்க கட்டினது ஏத்தத்துக்குங்க. இறக்கம் தனி."

"ஏறினா இறங்கித்தானுங்களே ஆகோணும்!"

"அது இயற்கைங்க. நாங்க தனியார்."

கலீல் ரஹ்மான் பட்டையைப் பார்த்தார். பூஜ்யம். மறுபடி அழுத்திப் பார்த்தார். பட்டை சத்தம் போடவில்லை. அதனிடம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. உட்கார்ந்தாலும் பெருமூச்சு விட்டாலும் பழமொழி சொன்னாலும், இனி அது வாய் திறக்காது. காலையிலிருந்து அவரை அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, அந்த உயரத்தில், மெல்ல நழுவியது. கண்ணைத் திறந்தார். கீழே, பக்ருன்னிசாவுக்குப் பின்னால், இரண்டு வரிசைகளும் சாலைவரை நீண்டு நெளிந்துகொண்டிருந்தன. ஒருவரும் ஏற முடியாது. அவர் இறங்கும்வரை.

அவருக்குள்ளிருந்த காந்திபுரம் விழித்துக்கொண்டது.

"இறக்கம் எவ்வளவுங்க?" என்று அசிரத்தையாகக் கேட்டார்.

கிருபாசங்கர் ஒரு தொகை சொன்னார். கலீல் ரஹ்மானுக்கு அது காதில் விழவில்லை. அணைப் பக்கமாகத் திரும்பி, "எவ்வளவு தண்ணி பாரு கண்ணு," என்றார்.

பின்னிருக்கைகளில் வெள்ளகோவில் எண்ணெய் ஆலைக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஏற்ற இறக்க இணைப்புச் சலுகையில் முன்கூட்டியே பணம் கட்டியவர்கள். அவரால் நடுவானத்தில் நிற்கிறார்கள். அவர்கள் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கொப்பரைக்கு விலைபேசியே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு முன்னால் ஒரு நல்ல பேரம் தொடங்கியிருந்தது.

"விட்டுப்போடாதீங்க பாய்! எங்களுக்கு அவசரமில்லீங்க. நல்லா இழுத்துப் புடிங்க!"

"பாதியாப் போட்டுக்கலாங்களா?" என்றது ஒலிபெருக்கி.

"கட்டுபடியாகாதுங்க."

"சரி, காவாசி."

"இந்தக் காத்து நல்லா இருக்குதுங்க. நாங்க சித்தே உக்காந்துட்டுப் போறோம்."

கீழே விரைவு வரிசையில் யாரோ பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். கிருபாசங்கரின் குரலில் முதல்முறையாக மகிழ்ச்சி குறைந்தது. "சரிங்க பாய், சும்மாவே இறங்கிக்குங்க. இலவசம்!" அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்வதற்கு அவருக்கு நாக்குப் புரளவில்லை, இரண்டு முறை முயன்று சொன்னார்.

"சும்மா இறங்கறதா?" கலீல் ரஹ்மான் வியந்தார். "இறங்கறது உங்களுக்கு வேண்டிய காரியமுங்க. அதுக்கு நீங்க என்ன குடுப்பீங்க?"

பின்னிருக்கை ஒருசேர ஆர்ப்பரித்தது.

"பாய், பாய், அப்படிச் சொல்லாதீங்க. காசு குடுக்கறது எங்களுக்குப் பழக்கமில்லீங்க. எங்க மிசின்ல புடிக்கறதுக்குத்தான் பட்டன் இருக்குது. குடுக்கறதுக்குப் பட்டனே வெக்கலீங்க. வெக்கோணும்னு யாருக்கும் தோணவே இல்லீங்க!"

"தோணற வரைக்கும் இருக்கறோமுங்க."

பலகை வாடகை தள்ளுபடியாயிற்று. கைதட்டல் தள்ளுபடியாயிற்று. வண்டியைக் குளிர்விக்காமலே விட்டுவிடுவதாக வாக்குறுதி வந்தது. அரை டிக்கெட் காசைத் திருப்பிக் கையில் கொடுப்பதாக ஒப்புதல் வந்தது. பிறகு முழு டிக்கெட் காசு. ஆயுளில் இதுபோல் ஒரு பேரம் அவருக்கு வாய்த்ததில்லை. இன்னும் இரண்டே இழுப்பு. பத்தாயிரமும் திரும்பி வந்துவிடும். மேலே ஏதாவதும் கிடைக்கலாம்.

"அத்தா."

அவர் திரும்பினார். ரம்ஷா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே விழும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வளந்தது இங்க உக்காந்திருக்கறதுக்கு இல்லீங்கத்தா. விழறதுக்கு."

"ரெண்டே நிமிசம் கண்ணு. முடியற நேரம்."

"ஏறி உக்காந்தேன்னு போய்ச் சொன்னா, எங்க கிளாஸ்ல யாருங்கத்தா நம்புவாங்க? எல்லாரும் விழுந்தவங்க."

கலீல் ரஹ்மான் ஒலிவாங்கியைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார்.

"ஏனுங்க," என்றார் ஒலிவாங்கியில். "வுடுங்க."

"எவ்வளவுக்குங்க பாய்? பேசி முடிக்கலீங்களே!"

"வுடுங்கன்னேன்!"

அவர்கள் விழுந்தார்கள். வானம் காலடிக்குப் போயிற்று. தென்னைகள் தலைக்கு வந்தன. கலீல் ரஹ்மானின் வாயிலிருந்து வந்த ஒலி, லைனிங் துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பில் கிழித்தாற்போல இருந்தது. பக்கத்தில் ரம்ஷா கைகளை மேலே தூக்கி, நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டராலும் சிரித்தாள். வெள்ளகோவில்காரர்கள் தங்கள் குலதெய்வத்தின் பெயரை அழைத்தார்கள். வளையம் வந்தது, இன்னொரு வளையம் வந்தது, அணை மேலே தெரிந்து கீழே தெரிந்தது. இரண்டாம் ஏற்றத்தில் தம் குரல் அலறுவதை நிறுத்திவிட்டு வேறேதோ செய்துகொண்டிருப்பதைக் கலீல் ரஹ்மான் கவனித்தார். அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

வண்டி நின்றபோது அவருடைய தொப்பி இல்லை. தலைமுடி நாற்புறமும் நின்றது. பக்ருன்னிசா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். அவள் பின்னாலேயே கிருபாசங்கர் வியர்த்து ஓடிவந்தார்.

"ஏனுங்க, எவ்வளவுக்குப் பேசி முடிச்சீங்க?" என்றாள் பக்ருன்னிசா.

"முடிக்கல பக்ரு." அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "பாதியில விட்டுப்போட்டேன்."

பக்ருன்னிசா கணவரின் தலைமுடியைப் பார்த்தாள். இருக்கையில் எழ மனமில்லாமல் சரிந்திருந்த மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிருபாசங்கர் பக்கம் திரும்பினாள்.

"ஏறின ரெண்டு பேர் டிக்கெட் காசும் திரும்பக் கைக்கு வரோணுங்க. அதோட இன்னொரு சுத்து. மூணு பேருக்கும். ஏத்தமும் இறக்கமும் சேத்தி."

கிருபாசங்கர் சுற்றிலும் பார்த்தார். வரிசை உறுமியது. தலையசைத்தார். லட்சுமணசாமி அவசர அவசரமாகக் கதவைத் திறந்துவிட, பக்ருன்னிசா புர்காவை ஒதுக்கிக்கொண்டு ஏறி, மகளுக்கும் கணவருக்கும் நடுவே அமர்ந்தாள். கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது.

"அக்கா," என்று கிருபாசங்கர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி மன்றாடும் குரலில் கேட்டார், "இந்தத் தடவை மேல நிறுத்தாம விட்டுடட்டுங்களா?"

"நிறுத்தாம இருந்துடாதீங்க," என்றாள் பக்ருன்னிசா. "எனக்கும் பேசறதுக்கு இருக்குதுங்க."